தாய்மாரை எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள்: ஆயர்மாருக்கும் சேகரக் கமிட்டியாருக்கும் ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் கனத்துக்குரிய ஆயர்மாருக்கும், சேகரக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவிமாருக்கும் ஸ்தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது.

நான் 22 ஆண்டுகளாக ஞாயிறு பள்ளியில் ஆரம்ப வகுப்புக்குப் பாடம் சொல்லி வருகிறேன். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். என் சேகரத்தின், அதாவது எங்கள் ஆயரின் பொறுப்பிலுள்ள சபைப் பகுதியின், பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போவது ஒரு சேகரத்தின் குறை அல்ல. நம் தென்மாவட்டங்களில் மே மாதம் இரண்டாம் ஞாயிறு எந்த ஆலயத்துக்குப் போனாலும் ஏறக்குறைய இதையேதான் பார்க்கலாம். வாய்ச்சொல்லாகச் சிலரிடம் சொல்லிப் பார்த்தேன். "நல்லது செய்தால் அதிலும் குற்றம் கண்டுபிடிக்கிறீர்களே" என்றார்கள். அதனால் எழுத்தில் வைக்கிறேன்.

சென்ற ஆண்டு அன்னையர் ஞாயிறன்று பிரசங்கம் முடிந்ததும், "தாய்மார்கள் எல்லாரும் எழுந்து நில்லுங்கள்" என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எழுந்தோம். என் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர் பிளாஸ்டிக் வாளிகளில் ரோஜாப் பூக்களைச் சுமந்துகொண்டு வரிசை வரிசையாக வந்தார்கள். ஆளுக்கு ஒரு பூ, ஒரு சாக்லேட். எனக்கு இடப்பக்கத்தில் ஒரு அக்கா எழாமல் உட்கார்ந்திருந்தார். கல்யாணமாகிப் பல ஆண்டுகள் ஆகியும் அவருக்குப் பிள்ளை இல்லை என்பது சபை முழுவதற்கும் தெரியும். பூக் கொண்டுவந்த ஆறு வயதுச் சிறுமிக்கு மட்டும் தெரியாது. அவள் பூவை நீட்டினாள். அவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டு கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, "டீச்சர், இந்த ஆன்ட்டிக்குக் குடுக்கணுமா?" என்று உரக்கவே கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் அந்த அக்கா, "எனக்கு வேண்டாம்மா, அடுத்த ஆளுக்குக் குடு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, பாட்டுப் புத்தகத்தை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அப்போது பாட்டு எதுவும் பாடிக்கொண்டிருக்கவில்லை.

அந்தப் பிள்ளையிடம் வாளியைக் கொடுத்து அனுப்பியவள் நான். எழுந்து நிற்பவர்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டும் என்று முந்தின ஞாயிறு ஒத்திகை பார்த்ததும் நான்தான். ஆகவே இந்த மடல் உங்களை மட்டும் குற்றப்படுத்தி எழுதப்பட்டதல்ல. அதற்குப் பின் ஓராண்டாக, தாய்மையைப் பற்றி நம் ஆண்டவர் என்ன சொன்னார், தாய்மாரை எப்படி நடத்தினார் என்று சுவிசேஷங்களைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். வாசிக்க வாசிக்க, நாம் ஆண்டுதோறும் செய்வது அவர் வழியல்ல என்றுதான் தோன்றுகிறது. தாயிடம் மட்டும் நாம் எதிர்பார்த்துப் புகழுகிற குணங்களை அவர் தம் சீஷர் எல்லாரிடமும் கேட்டார். பிள்ளை பெற்றதை வைத்து அவர் ஒருத்தியையும் எழுப்பி நிறுத்தவில்லை, ஒருத்தியையும் உட்கார்த்திவைக்கவும் இல்லை.

லூக்கா 11ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஜனக்கூட்டத்திலிருந்து ஒரு ஸ்திரீ சத்தமிட்டு, "உம்மைச் சுமந்த கர்ப்பமும் நீர் பாலுண்ட முலைகளும் பாக்கியமுள்ளவைகள்" என்கிறாள். நம் அன்னையர் ஞாயிறு வாழ்த்துமடல்கள் எல்லாவற்றின் சாரமும் அந்த ஒரு வாக்கியத்தில் அடக்கம். அதைக் கேட்டு எந்த மகனும் மனம் குளிர்வான். இயேசுவோ, "அப்படியானாலும், தேவனுடைய வார்த்தையைக் கேட்டு, அதைக் காத்துக்கொள்ளுகிறவர்களே அதிக பாக்கியவான்கள்" என்றார். இதைச் சிலர் தாயைத் தாழ்த்தின பேச்சாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. லூக்கா தன் சுவிசேஷத்தின் தொடக்கத்திலேயே மரியாளை, "உம்முடைய வார்த்தையின்படி எனக்கு ஆகக்கடவது" என்று சொன்னவளாகக் காட்டுகிறார்; நடந்தவற்றையெல்லாம் இருதயத்தில் வைத்துச் சிந்தித்தவளாகவும் காட்டுகிறார். வார்த்தையைக் கேட்டுக் காத்துக்கொண்டவர்களின் வரிசையில் முதல் பெயர் அவளுடையது. ஆண்டவர் தம் தாயின் மேன்மையைக் குறைக்கவில்லை. அந்த மேன்மை எதில் இருந்தது என்பதைத் திருத்திச் சொன்னார். அப்படிச் சொன்னதால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கும் அதே வரிசையில் இடம் கிடைத்துவிடுகிறது.

மரியாளின் பாட்டையும் அன்னையர் ஞாயிறன்று யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. அது கிறிஸ்துமஸ் காலத்துக்கென்று எடுத்து வைத்த பாட்டாகிவிட்டது. "பசியுள்ளவர்களை நன்மைகளினால் நிரப்பி, ஐசுவரியமுள்ளவர்களை வெறுமையாய் அனுப்பிவிட்டார்" என்று பிள்ளை பிறக்கும் முன்பே பாடிய தாய் அவள். 5 அதிகாரங்கள் தள்ளி அவளுடைய மகன், தரித்திரர் பாக்கியவான்கள் என்றும், ஐசுவரியவான்களுக்கு ஐயோ என்றும், பசியாயிருப்பவர்கள் திருப்தியடைவார்கள் என்றும் பிரசங்கம் செய்கிறார். நாசரேத்தின் வீட்டில் அந்தப் பாட்டு எத்தனை முறை ஒலித்ததோ! தாயின் செல்வாக்கு என்று பேசுவதானால் அதையல்லவா பேசவேண்டும்? நாமோ மரியாளைப் பொறுமைக்கு மாத்திரம் உதாரணமாக வைத்துக்கொண்டோம்.

நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்துக்கு வருகிறேன். அன்னையர் ஞாயிறு என்றாலே, "குணசாலியான ஸ்திரீயைக் கண்டுபிடிப்பவன் யார்?" என்ற 10ஆம் வசனத்திலிருந்துதான் வாசிப்பு தொடங்கும். நான் ஞாயிறு பள்ளி ஆசிரியை. வேதத்தைப் பாதியிலிருந்து தொடங்கினால் என் வகுப்புப் பிள்ளைகளே முதல் வசனம் எங்கே என்று கேட்பார்கள். முதல் வசனம் இந்த அதிகாரம் யாருடையது என்று சொல்கிறது: ராஜாவாகிய லேமுவேலுக்கு அவன் தாய் போதித்த உபதேசம். அவள் முதலில் மருமகளைத் தேடப் போகவில்லை, மகனைத்தான் திருத்துகிறாள். பெண்களிடத்தில் உன் பெலனைக் கொடுத்துவிடாதே என்கிறாள். மதுபானம் ராஜாக்களுக்குத் தகுதியல்ல, குடித்தால் நியாயப்பிரமாணத்தை மறந்து சிறுமைப்பட்டவனின் நியாயத்தைப் புரட்டிவிடுவாய் என்கிறாள். பிறகு, "ஊமையனுக்காகவும் திக்கற்றவர்கள் எல்லாருடைய நியாயத்துக்காகவும் உன் வாயைத் திற" என்கிறாள். இந்த ஒன்பது வசனங்களும் ஆண்களுக்கு. நம் ஊர்க் குடும்பங்களை மது எந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறது என்று வீடு வீடாக ஜெபத்துக்குப் போகும் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அப்படியிருந்தும் ஆண்டுதோறும் அந்த ஒன்பது வசனங்களைத் தாண்டிக் குதித்துவிட்டுப் பெண்களுக்கான பகுதியில் போய் நிற்கிறோம்.

அந்தப் பகுதியையும் முழுதாகப் படிப்பதில்லை. எபிரெய மூலத்தில் 22 வசனங்களும் எபிரெய எழுத்துகளின் வரிசையில் தொடங்கும் அகரவரிசைக் கவிதை அது. "குணசாலி" என்று நாம் வாசிக்கும் இடத்தில் உள்ள எபிரெயச் சொல், கிதியோனைத் தூதன் "பராக்கிரமசாலியே" என்று அழைத்த இடத்திலும் வருகிற சொல். அடக்கத்தைவிட ஆற்றல் அதில் தூக்கலாக நிற்கிறது. அவள் ஒரு வயலை விசாரித்து வாங்குகிறாள், திராட்சத்தோட்டம் நாட்டுகிறாள், சரக்குகளை வியாபாரம் செய்கிறாள், வாய் திறந்து ஞானம் பேசுகிறாள். கடைசி வசனம், "அவளுடைய கைகளின் பலனை அவளுக்குக் கொடுங்கள்" என்று தொடங்குகிறது. கைகளின் பலன் என்பது வாளியில் வந்த ரோஜாப் பூ அல்ல. பெண்ணின் சம்பாத்தியத்தில் அவளுக்குள்ள உரிமையைப் பற்றியும், தகப்பன் சொத்தில் மகளுக்குள்ள பங்கைப் பற்றியும் இந்த வசனத்தை வைத்து ஒரு பிரசங்கம் கேட்க ஆசை. இதுவரை கேட்கவில்லை.

இந்த நாள் வந்த கதையையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம். 1908 மே 10 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் கிராஃப்டன் என்னும் ஊரின் மெதடிஸ்ட் ஆலயத்தில் முதல் அன்னையர் ஆராதனை நடந்தது. அதற்கு முயற்சி எடுத்த அன்னா ஜார்விஸ் 500 வெள்ளைக் கார்னேஷன் பூக்களை அனுப்பிவைத்தார். அவருடைய தாய் ஆன் ஜார்விஸ் அந்த ஆலயத்தில் நெடுங்காலம் ஞாயிறு பள்ளி நடத்தியவர். பெற்ற பிள்ளைகளில் பெரும்பாலானோரைச் சிறு வயதிலேயே நோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தோடு வீட்டுக்குள் முடங்கிவிடாமல் ஊர்த் தாய்மாரைக் கூட்டிச் சங்கங்கள் அமைத்து, சுத்தமான தண்ணீருக்கும் பாலுக்கும் சுகாதாரத்துக்கும் பாடுபட்டார். உள்நாட்டுப் போர் மூண்டபோது இரு தரப்புப் போர்வீரருக்கும் அந்தச் சங்கத்துப் பெண்கள் பணிவிடை செய்தார்கள். 1914இல் அமெரிக்க ஜனாதிபதி அதைத் தேசிய நாளாக அறிவித்தார். பிறகு பூக்கடைக்காரரும் மிட்டாய்க் கம்பெனிகளும் வாழ்த்து அட்டை விற்பவரும் அந்த நாளைப் பிடித்துக்கொண்டதைக் கண்டு, அதைத் தொடங்கிவைத்த அன்னா ஜார்விஸே தம் ஆயுசின் பிற்பகுதியை அதற்கு எதிராகப் போராடிக் கழித்தார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளையும் பெறவில்லை. நம் வழக்கத்தின்படி பார்த்தால், அன்னையர் நாளைக் கொண்டுவந்தவரே அன்னையர் ஞாயிறு ஆராதனையில் உட்கார்ந்திருக்க வேண்டியவர்தான்.

பிரசங்கங்களில் தவறாமல் வரும் இன்னொரு பெயர், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா. பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்றவர், அத்தனை வேலைக்கு நடுவிலும் ஜெபித்தவர் என்ற அளவில் நிறுத்திவிடுகிறோம். 1711ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், ஆயரான அவர் கணவர் லண்டனில் இருந்தபோது, ஞாயிறு மாலைகளில் தம் பிள்ளைகளுக்கென்று வீட்டுச் சமையலறையில் பிரசங்கம் வாசித்து ஜெபம் நடத்தத் தொடங்கினார் அந்த அம்மா. அக்கம்பக்கத்தார் வரத் தொடங்கி, கூட்டம் ஏறக்குறைய 200 பேராகப் பெருகியது. ஆலயத்தைக் கவனித்துவந்த உதவிக்குரு புகார் எழுதினார், கணவரும் தயங்கினார். இதை நிறுத்தத்தான் வேண்டுமென்றால் எனக்குத் தெளிவாகக் கட்டளையிடுங்கள், கடவுளுக்கு முன்பாக அந்தப் பொறுப்பு உங்களுடையதாக இருக்கட்டும் என்ற கருத்தில் சூசன்னா பதில் எழுதினார். கூட்டம் நிற்கவில்லை. அந்தச் சமையலறையில் எட்டு வயதுச் சிறுவனாக உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் ஜான் வெஸ்லி. சூசன்னாவின் பெயரை எடுப்பவர்கள் இந்தக் கடிதத்தையும் சொல்லவேண்டும்.

இனி என் தாயைப் பற்றிச் சில வரிகள். அவரைப் புகழ்வதற்காக எழுதவில்லை. குணம் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதை நான் கற்றுக்கொண்ட இடம் அது.

அம்மா பீடி சுற்றினார். மடியில் சுளகு, பக்கத்தில் ஈரத்துணியில் மூடிய இலைக்கட்டு, விரல் நுனியெல்லாம் தூள் நாற்றம். வாய் முணுமுணுத்துச் சங்கீதங்களைச் சொல்லிக்கொண்டே இருக்கும். பாதி வசனத்தில் எங்களைத் திட்டிவிட்டு மீதி வசனத்தை விட்ட இடத்திலிருந்து தொடருவார். சாந்த சொரூபி என்றெல்லாம் சொல்ல முடியாது. நான் நான்காம் வகுப்புப் படித்தபோது ஒரு சனிக்கிழமை, மறுநாள் காணிக்கைக்கென்று அவர் எடுத்து வைத்திருந்த பத்து ரூபாயைக் காணவில்லை. நான்தான் எடுத்தேன் என்று முடிவு கட்டி, வாசலில் வைத்து வாரியலால் அடித்தார். எதிர்வீட்டுப் பெரியம்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடியைவிட அது வலித்தது. அன்றிரவு குடும்ப ஜெபத்துக்கு அம்மா வேதத்தை விரித்தபோது அந்த நோட்டு பாயில் விழுந்தது. அன்றைய பகுதி எதுவென்று எனக்கு நினைவில்லை. ஒருவரும் பேசவில்லை, ஜெபம் முடிந்து விளக்கை அணைத்துப் படுத்துவிட்டோம். கொஞ்ச நேரம் கழித்து அம்மா என்னைத் தொட்டு எழுப்பினார். "ஏட்டி, அம்மா உன்னை வீணா அடிச்சிட்டேன். நீ எடுக்கல. என்னை மன்னிச்சிரு" என்றார். "ஆனாலும் நீயும்" என்று ஒரு சொல் சேர்க்கவில்லை. மறுநாள் காலை ஆலயத்துக்குப் புறப்படும்போது எதிர்வீட்டு வாசலில் நின்று, "பெரியக்கா, புள்ள எடுக்கல. நாந்தான் வச்ச இடத்த மறந்துட்டு அடிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் நடந்தார். அந்தப் பத்து ரூபாய் அதற்குப் பிறகுதான் காணிக்கைப் பையில் விழுந்தது.

பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டுப் போய், முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகு என்று மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் வருவதைப் பல ஆண்டுகள் கழித்து வகுப்புக்குப் பாடம் எடுத்தபோதுதான், அம்மா செய்தது இதுதான் என்று எனக்கு விளங்கியது. பீடி சுற்றும் ஒரு பெண்ணுக்கு, ஒன்பது வயதுப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. கேட்டிருக்காவிட்டால் ஒருவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். இயேசுவின் வார்த்தை அவருக்குள் வேலை செய்ததால் கேட்டார். தாயின் பொறுமை, தாயின் தியாகம் என்று பேசுகிற எந்தப் பிரசங்கத்திலும் தாயின் மன்னிப்புக் கேட்கும் குணத்தைப் பற்றி நான் கேட்டதில்லை. அதைப் பேசினால் அது தாய்மாரோடு நிற்காது, பிரசங்கிக்கிறவர் மேலும் வந்து விழும் என்பதாலோ என்னவோ! கமிட்டித் தேர்தல் வழக்காகி நீதிமன்றத்துக்குப் போய் வந்ததைப் பார்த்திருக்கிறேன். மினிட்ஸ் புத்தகத்தில் "நான் தவறினேன்" என்று ஒருவர் சொன்னதாக ஒரு வரி எழுதப்பட்டதை மட்டும் பார்த்ததில்லை.

ஆவியின் கனி என்று கலாத்தியருக்கு எழுதின நிருபம் சொல்லும் அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம் ஆகிய ஒன்பதில் ஒன்றுகூடத் தாய்மாருக்கென்று தனியே ஒதுக்கப்பட்டதல்ல. பவுல் தன் ஊழியத்தைப் பற்றித் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, பால்கொடுக்கிற தாய் தன் பிள்ளைகளைக் காப்பாற்றுவதுபோல உங்களிடத்தில் பட்சமாய் நடந்துகொண்டோம் என்கிறார். அப்படிச் சொல்லிக்கொள்ள அவர் வெட்கப்படவில்லை. ஆண்டவரோ எருசலேமைப் பார்த்து, கோழி தன் குஞ்சுகளைச் சிறகின்கீழ் சேர்ப்பதுபோல உன் பிள்ளைகளைச் சேர்க்க மனதாயிருந்தேனே என்று புலம்பினார். உயிர்த்தெழுந்த பின் கடற்கரையில் கரிநெருப்புப் போட்டு மீனும் அப்பமும் ஆயத்தம்பண்ணி, இரவெல்லாம் வலை போட்டுக் களைத்து வந்தவர்களை, வாருங்கள், சாப்பிடுங்கள் என்று கூப்பிட்டார். தம்மை மறுதலித்த பேதுருவிடம் அந்தக் காலையில் அவர் ஒன்றும் கேட்பதற்கு முன்னே அவன் வயிறு நிறைந்திருந்தது. எந்தத் தாய்க்கும் இந்த வரிசைமுறை புரியும். நம் ஊர் அசனப் பண்டிகையில் ஆண்கள் விடிய விடிய அண்டாக்களில் சோறு வடித்து, குழம்பு வைத்து, ஊருக்கே பந்தி பரிமாறுகிறார்கள். ஆண்டுக்கு ஒரு நாள் ஆலய வளாகத்தில் முடிகிற காரியம், மற்ற நாட்களில் வீட்டு அடுப்படியில் முடியாமல் போவது எனக்கு விளங்குவதேயில்லை.

தாய்மாரின் குறையையும் இயேசு மூடி மறைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். செபெதேயுவின் குமாரருடைய தாய், தன் மகன்களில் ஒருவன் வலதுபாரிசத்திலும் ஒருவன் இடதுபாரிசத்திலும் உட்காரவேண்டும் என்று கேட்டு வந்தாள். பொதுத்தேர்வு முடிவுகளும், மகன் வெளிநாட்டில் வாங்கும் சம்பளமும், மகளுக்குப் போட்ட நகையும் சாட்சி நேரத்தில் சொல்லப்படுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவள் நினைவு வரும். என் பிள்ளைகளுக்காக நான் செய்யும் ஜெபத்திலேயே அவள் குரல் கேட்பதுண்டு. நீங்கள் கேட்பது இன்னதென்று உங்களுக்குத் தெரியவில்லை என்று ஆண்டவர் சொன்னார். ஆனால் அவளைத் துரத்தவில்லை. அவளும் போய்விடவில்லை. மத்தேயு சிலுவையைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெண்களின் பெயர்களைச் சொல்லும்போது, செபெதேயுவின் குமாரருக்குத் தாய் என்று மறுபடியும் எழுதுகிறார். வலதுபக்கத்தில் ஒரு கள்ளனும் இடதுபக்கத்தில் ஒரு கள்ளனும் தொங்குவதை அவள் பார்த்தாள். தன் பிள்ளைகளுக்காகக் கேட்ட இடங்கள் எவையென்று அன்றைக்கு அவளுக்குத் தெரிந்திருக்கும்.

பிள்ளை வழிதப்பிப்போனால் தாயின் வளர்ப்பு சரியில்லை என்று சொல்லும் வழக்கமும் நம்மிடம் உண்டு. குடித்துவிட்டு ஆலய வாசலில் சண்டை போட்ட இளைஞனின் தாயை அழைத்து விசாரித்தார்கள். தகப்பன் கமிட்டி அங்கத்தினர், அவரை யாரும் கேட்கவில்லை. 1 சாமுவேல் புத்தகம் இதை வேறு மாதிரி வைத்திருக்கிறது. பிள்ளையில்லாமல் ஆலயத்தில் அழுது ஜெபித்த அன்னாளைக் குடித்து வெறித்தவள் என்று நினைத்துக் கடிந்துகொண்ட ஆசாரியன் ஏலியின் சொந்தக் குமாரர்தான் ஆசரிப்புக்கூடாரத்து வாசலில் அக்கிரமம் செய்தார்கள். அவர்களை அடக்காமற்போனதற்காகக் கர்த்தர் கணக்குக் கேட்டது தகப்பனிடம். ஏலி வீட்டுத் தாயின் பெயர்கூட வேதத்தில் இல்லை. அன்னாளோ வருஷந்தோறும் சாமுவேலுக்கு ஒரு சின்னச் சட்டையைத் தைத்து எடுத்துக்கொண்டு சீலோவுக்கு வந்தாள். ஒரு வருஷமாகக் கண்ணால் பார்க்காத பிள்ளை எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனதிலேயே அளவெடுத்துத் தைத்த சட்டை அது. விடுதியில் பிள்ளையை விட்டிருக்கும் தாய்மார் எவரையும் கேட்டுப் பாருங்கள்.

நம் திருச்சபை வரலாறும் இந்தக் காரியத்தில் நமக்குப் பாடம் சொல்லும். 1778இல் பாளையங்கோட்டையில் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா, கணவனை இழந்த ஒரு பிராமணப் பெண். திருநெல்வேலித் திருச்சபையின் முதல் பதிவேடு 1780இல் 40 பேரோடு தொடங்குகிறது. 1785இல் அவர் முயற்சியில் எழும்பிய ஆலயத்தை ஜனங்கள் இன்றைக்கும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்கிறார்கள். அவரை நாம் எவனுடைய தாய் என்றும் நினைவுகூருவதில்லை. ஒரு சபைக்கே தாய் என்று நினைவுகூருகிறோம். 1901இல் இந்துக் கோயிலிலிருந்து தப்பி ஓடிவந்த பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி மிஷனெரி ஏமி கார்மைக்கேலிடம் வந்து சேர்ந்தாள். அதற்குப் பின் டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அவரை அம்மா என்றே கூப்பிட்டார்கள். 1951இல் அவர் மரித்தபோது கல்லறைக் கல்லுக்குப் பதிலாகப் பறவைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டி ஒன்றை வைத்து, அதில் அம்மா என்று மட்டும் பொறித்தார்கள். பாளையங்கோட்டையில் செவித்திறன் இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய ஃபிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார், லேமுவேலின் தாய் சொன்ன அந்த எட்டாம் வசனத்தை அப்படியே செய்துகாட்டியவர். பவுல்கூட ரோமருக்கு எழுதின நிருபத்தின் முடிவில், ரூப்பு என்பவனுடைய தாயை எனக்கும் தாய் என்று சொல்லி வாழ்த்தவில்லையா?

ஆகவே வரும் மே மாதத்துக்காக உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். தாய்மாரை எழுந்து நிற்கச் சொல்லவேண்டாம். எழுந்து நின்றால் உட்கார்ந்திருப்பவர் யார் என்பது தெரிந்துவிடும். பூக் கொடுப்பதானால் சிறுவர் முதல் முதியவர் வரை எல்லாருக்கும் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒருவருக்கும் வேண்டாம். வேதவாசிப்பு நீதிமொழிகளிலிருந்துதான் என்றால் 31ஆம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள்; முதல் ஒன்பது வசனங்களை ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து வாசித்தால் நல்லது. கருச்சிதைவில் பிள்ளையை இழந்தவர்களுக்காகவும், வளர்ந்த பிள்ளையைப் புதைத்தவர்களுக்காகவும், மறுமொழி வராத ஜெபத்தோடு பல வருஷங்களாக வந்துபோகிறவர்களுக்காகவும் பொது ஜெபத்தில் ஒரு வாக்கியம் சேருங்கள். ஞானஸ்நான ஆயத்தத்துக்குத் தாயை மட்டும் வரச்சொல்லும் வழக்கத்தை விட்டுவிட்டு, தகப்பன் வராமல் நாள் குறிப்பதில்லை என்று கமிட்டியில் தீர்மானம் போடுங்கள். பிள்ளைகளை ஆண்டவருக்குள் வளர்ப்பேன் என்று வாக்குக் கொடுக்கும்போது இருவரும்தானே சொல்கிறார்கள்?

அந்த ஞாயிறு ஆராதனையில் என் வகுப்புக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கித் தரவேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பூவாளிக்குப் பதிலாக லூக்கா 11ஆம் அதிகாரத்தின் 27, 28ஆம் வசனங்களைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லுவார்கள். 27ஐச் சொல்லப்போவது போன வருஷம் பூவை இழுத்துக்கொண்ட அதே சிறுமி. "முலைகள்" என்ற சொல் வந்ததும் பையன்கள் சிரிக்கிறார்கள், அதைச் சரிப்படுத்த இன்னும் இரண்டு வாரம் ஆகும். 28ஆம் வசனத்தைச் சொல்லிக்கொடுத்துப் பழக்கித் தரமுடியுமா என்று அந்த அக்காவின் வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கிறேன். அவர் காப்பி கொடுத்தார், வேறு பேச்சுகள் பேசினோம். வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை.

கர்த்தருக்குள்,
ஆரம்ப வகுப்பு ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருத்தி